பழைய இழைப்புளிகளின் மாற்று உறுப்புகள்

இழைப்புளி என்பது மரப்பரப்பைச் சீவிச் சமப்படுத்தப் பயன்படும் தச்சுக் கைக்கருவி ஆகும். பழைய இரும்பு இழைப்புளிகளில் உடைந்த அல்லது தொலைந்த உறுப்புகளைத் தேடிப் பெறுவதும், கிடைக்காதவற்றைப் புதிதாகச் செய்வதும் அவற்றை மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் வழிகளாகும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள நியூ பிரிட்டன் நகரில் உருவான ஸ்டான்லி நிறுவனத்தின் பெய்லி வகை இழைப்புளிகளே இவ்வாறு மிகுதியாகச் சீரமைக்கப்படுகின்றன.

== அடையாளம் காணல் ==

லெனார்ட் பெய்லியின் காப்புரிமங்களை ஸ்டான்லி நிறுவனம் 1869இல் வாங்கியது. அதன் பின்னர் வடிவமைப்பு பல முறை சிறு சிறு மாற்றங்களைக் கண்டது. எனவே உறுப்பைத் தேடுவதற்கு முன்னர் கருவியின் காலத்தை அறிதல் வேண்டும். அலகைத் தாங்கும் வார்ப்பு உறுப்பு 'தவளை' எனப்படுகிறது. அதற்குப் பின்னால் அடித்தட்டில் 1902ஆம் ஆண்டின் இரு நாள்களும் 1910ஆம் ஆண்டின் ஒரு நாளும் பொறிக்கப்பட்டிருந்தால், அக்கருவி 1910க்கும் 1918க்கும் இடைப்பட்டது எனக் கொள்ளப்படுகிறது. தவளையை நகர்த்தும் திருகு 1907 அளவில்தான் சேர்க்கப்பட்டது.

எண் 4, எண் 5 ஆகிய இரண்டின் அலகும் 2 அங்குல அகலம் உடையவை. ஆதலால் இவற்றின் அலகு, சீவல் முறிப்பான், நெம்பு மூடி ஆகியவற்றை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றலாம். 'பெட்ராக்' வகையின் தவளை பெய்லி வகைக்குப் பொருந்தாது.

== திருகு மரைகள் ==

பெரும்பாலோர் இடறுவது இங்குதான். பிடிகளை இறுக்கும் தண்டுகள் 12 எண் விட்டமும் (0.216 அங்குலம்) அங்குலத்திற்கு 20 மரைகளும் கொண்டவை. இன்றைய கடைகளில் கிடைக்கும் 12 எண் திருகுகளிலோ அங்குலத்திற்கு 24 அல்லது 28 மரைகள் இருக்கும். நெம்பு மூடித் திருகின் விட்டம் 9/32 அங்குலம், மரைகள் 24. இதுவும் பொது அளவு அன்று. 20ஆம் நூற்றாண்டுக் கருவிகளில் ஆழம் சரிசெய்யும் பித்தளைச் சக்கரம் இடக்கை மரையில் சுழல்கிறது. இதை அறியாது எதிர்ப்புறம் திருகி மரையைக் கெடுப்பவர் உண்டு.

வார்ப்பில் உள்ள 12 எண் துளையை 1/4 அங்குலம், 20 மரை கொண்டதாகப் பெரிதாக்குவது எளிது. மரை இடைவெளி இரண்டிற்கும் ஒன்றே. ஆனால் பின்னர் மூலத் திருகு அதில் ஒருபோதும் நில்லாது. தனி டை வாங்கி, எஃகுத் தண்டில் பழைய அளவிலேயே மரையிடுவது சிறந்தது.

== அலகும் பிடியும் ==

மூல அலகின் தடிமன் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். மிகத் தடித்த அலகைப் பொருத்தினால் சீவல் வெளியேறும் வாய் போதாது. சரிசெய்யும் நுகத்தின் முனையும் சீவல் முறிப்பானின் துளையை எட்டாமல் போகலாம். எண்ணெயில் குளிர்விக்கும் கருவி எஃகில் அலகைச் செய்வோர், துளைகளை முதலில் வெட்டி, பின்னர் ஏறத்தாழ 800 பாகை செல்சியசில் சூடாக்கி எண்ணெயில் அமிழ்த்தி, 200 பாகை அளவில் பதப்படுத்துகின்றனர்.

பழைய பிடிகள் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரத்தால் ஆனவை. அம்மரத்தின் பன்னாட்டு வணிகம் 1992இல் தடை செய்யப்பட்டது. ஆகவே அதே பேரினத்தைச் சேர்ந்த தோதகத்தி (ஈட்டி) போன்ற மரங்கள் பயன்படுகின்றன. பிடியின் மேல்கொம்பு உடையாதிருக்க, மர இழை அடித்தட்டுக்கு இணையாக ஓட வேண்டும். சாய்வான நீள்துளையை மரத்துண்டு சதுரமாக இருக்கும்போதே இட்டுவிட்டால், வளைவாக அறுத்த பின் அதைப் பற்றிப் பிடிக்கத் திண்டாட வேண்டியதில்லை.

== வார்ப்பு உறுப்புகள் ==

அடித்தட்டு உடைந்த கருவிகளை வாங்கி உறுப்புகளைப் பிரித்தெடுப்பதே மலிவான வழி. முழுக் கருவியைவிட அதன் உறுப்புகள் தனித்தனியே கூடுதல் விலை பெறுவதால், நல்ல நிலையில் உள்ளவற்றையும் சிலர் பிரித்து விற்கின்றனர், இது வருந்தத்தக்கது. பழைய உறுப்பையே அச்சாக வைத்து மணலில் வார்த்தால், வார்ப்பிரும்பு குளிரும்போது ஏறத்தாழ 1 விழுக்காடு சுருங்கும். 50 மில்லிமீட்டர் அகலத்தில் இது அரை மில்லிமீட்டர் ஆகும். நெம்பு மூடிக்கு இக்குறை பொருட்டன்று. தவளைக்கோ திருகுத் துளைகள் தம் இடத்திலிருந்து விலகிவிடும். அதனால் அச்சைச் சற்றுப் பெரிதாகச் செய்து, துளைகளை வார்த்த பின்னரே இடுகின்றனர்.