திரை இருண்ட கதையும் கணக்கேடு சொன்ன உண்மையும்

ஆட்டம் உச்சத்தில் இருக்கும். சட்டென்று திரை கறுத்துவிடும். மானிட்டர் 'நோ சிக்னல்' என்று ஒரு சின்னப் பெட்டியைக் காட்டிவிட்டுத் தூங்கப் போய்விடும். ஆனால் கணினி அணைந்திருக்காது. ஹெட்போனில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கூட ஆடுகிற நண்பன் 'டேய், எங்கடா போன?' என்று கத்துவான். கிராபிக்ஸ் கார்டின் விசிறி மட்டும் கேபினெட்டையே பிய்த்துக்கொண்டு போவதுபோல அலறும்.

இரண்டு மாதமாக எனக்கு இதுதான் நடந்தது. பிளஸ் டூ பையன்களுக்குக் கணக்குப்பதிவியல் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் வாங்கிய கார்டு. வாரண்டி இன்னும் ஏழு மாதம் பாக்கி. கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். சர்வீஸ் பார்ப்பவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கேம் ஆடுவீங்க?" என்றார். மூன்று மணி நேரம் என்றேன். "அதான். ஹெவி யூசேஜ். கார்டு தாங்காது."

கேம் ஆடுவதற்கென்றே விற்ற கார்டு, கேம் ஆடினால் தாங்காதாம்! வீட்டுக்கு வந்து, கோபத்தில், இதே பதிலை இதற்கு முன் யார் யாருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடினால் இருபது வருடக் கதை ஒன்று வந்து விழுந்தது. அதில் பாதிக்கு மேல் என் பாடத்தில் வருவது என்பதுதான் ஆச்சரியம்.

முதலில் கேம் ஆடாதவர்கள் கதை. 2000க்குப் பிறகு உலகமெங்கும் மதர்போர்டுகளில் கெபாசிட்டர்கள் உப்பி வெடித்துக்கொண்டிருந்தன. மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சின்ன உருளைகள்தான் கெபாசிட்டர்கள். உள்ளே இருக்கும் திரவத்தின் கலவை சரியில்லை என்றால் வாயு உண்டாகி, மண்டை வீங்கி, ஒரு நாள் ஒழுகிவிடும். டெல் நிறுவனம் 2003 மே மாதம் முதல் 2005 ஜூலை வரை அனுப்பிய கணினிகளில் 1 கோடியே 18 லட்சத்துக்கு இந்த ஆபத்து இருந்தது என்று பின்னாளில் ஒரு வழக்கின் ஆவணங்களிலிருந்து தெரியவந்தது. 2010இல் நியூயார்க் டைம்ஸ் அதை வெளியிட்டது. அந்தச் செய்தியில் வரும் ஒரு சம்பவத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் கணினிகள் வரிசையாகச் செத்தன. டெல் தரப்பு சொன்ன காரணம்: கடினமான கணக்குகளைப் போட வைத்து இயந்திரங்களுக்கு அதிக வேலை கொடுத்துவிட்டீர்கள்! கணிதத் துறை கணக்குப் போடக் கூடாது. நான் கேம் ஆடக் கூடாது. எங்கள் கடைக்காரர் ஒன்றும் புதிதாகச் சொல்லிவிடவில்லை.

ஆனால் அந்த வழக்கு ஆவணங்கள் வெளிவருவதற்கு ஐந்து வருடம் முன்பே டெல் ஒரு இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தது. 2005இல், பழுதான கணினிகளைச் சரிசெய்யும் செலவுக்காகச் சுமார் 30 கோடி டாலரைக் கணக்கில் எழுதியது.

இங்கேதான் என் பாடம் வருகிறது. 'வாரா ஐயக்கடன் ஒதுக்கு' என்று பிளஸ் ஒன்னில் படித்திருப்பீர்கள் (படிக்காதவர்கள் புண்ணியவான்கள்). கடன் இன்னும் வராமல் போகவில்லை, ஆனால் வராது போலத் தெரிகிறது என்றால், அந்த நட்டத்தை இப்போதே இலாப நட்டக் கணக்கில் எழுதி ஒரு தொகையை ஒதுக்கிவைக்க வேண்டும். முன்னெச்சரிக்கை மரபு என்று பெயர். வாரண்டிக்கும் இதே விதிதான். விற்ற பொருள் பழுதாகித் திரும்பி வரப்போகிறது என்று நிறுவனத்துக்குத் தெரிந்து, செலவையும் மதிப்பிட முடிந்தால், கணக்கில் காட்டாமல் இருக்க முடியாது. காட்டாவிட்டால் பங்குதாரர்களை ஏமாற்றியதாகிவிடும். வாடிக்கையாளரிடம் 'உங்கள் தப்பு' என்று சொல்லலாம். தணிக்கையாளரிடம் அப்படிச் சொல்லிவிட முடியாது.

அடுத்தது எக்ஸ்பாக்ஸ் 360. டிவியில் மாட்டி விளையாடுகிற பெட்டிதான் என்றாலும் உள்ளே இருப்பது ஒரு கேமிங் கணினி. 2005 நவம்பர் 22 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. கொஞ்ச நாளிலேயே முகப்பில் மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்து செத்துப்போகும் பெட்டிகள் பற்றிப் புகார்கள் குவிந்தன. இந்தத் தொழிலில் 3 முதல் 5 சதவீதம் பழுது சகஜம்தான் என்று மைக்ரோசாப்ட் சொல்லிக்கொண்டிருந்தது. மக்களோ பெட்டியைத் துண்டால் சுற்றி வேண்டுமென்றே சூடாக்கி உயிர்ப்பித்துக்கொண்டிருந்தார்கள். நிஜமாகவே சில நாட்களுக்கு வேலை செய்யும்!

2007 ஜூலை 5ஆம் தேதி எல்லாம் மாறியது. இந்தப் பழுதுக்கு மட்டும் வாரண்டி மூன்று வருடமாக நீட்டிக்கப்பட்டது. அதற்கான செலவு 105 முதல் 115 கோடி டாலர் வரை கணக்கில் எழுதப்படும் என்று அறிவித்தார்கள். 3 சதவீதப் பழுதுக்கு யாரும் 115 கோடி ஒதுக்குவதில்லை. பெட்டிகளைத் திரும்பப் பெற்று அனுப்பும் கூரியர் செலவே 24 கோடி டாலர் என்று, அப்போது பொறுப்பில் இருந்த பீட்டர் மூர் 2015இல் ஒரு பேட்டியில் சொன்னார். ஆனால் பழுதின் காரணம் என்ன என்பதை மைக்ரோசாப்ட் விளக்கமாகச் சொன்னது 2021 டிசம்பரில், தன்னுடைய ஆவணப்படத்தில்தான். பணத்துக்கான கணக்கு 2007இல், காரணம் 14 வருடம் கழித்து.

அந்தக் காரணத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். திரை இருளும் பல கதைகளுக்கு அடிப்படை அதுதான். கிராபிக்ஸ் சிப் என்று நாம் சொல்வது ஒரு சிலிக்கன் துண்டு. அது நேராக போர்டில் உட்காருவதில்லை. நடுவே பச்சை நிறத்தில் ஒரு சின்னத் தட்டு இருக்கும். சிலிக்கனையும் தட்டையும் இணைப்பவை கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னச் சின்ன சால்டர் உருண்டைகள். விளையாடும்போது சிப் 80, 90 டிகிரி வரை சூடாகும், நிறுத்தினால் ஆறும். சூட்டில் தட்டு விரிகிற அளவுக்குச் சிலிக்கன் விரியாது. ஆக, நடுவில் மாட்டிக்கொண்ட உருண்டை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இழுபடும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் ஒடியுமே, அதே கதை. விரிசல் விட்டால் இணைப்பு போச்சு, திரை போச்சு. மறுபடி நன்றாகச் சூடேற்றினால் விரிந்த முனைகள் கொஞ்ச நாள் ஒட்டிக்கொள்ளும். துண்டு வைத்தியத்தின் ரகசியம் இதுதான். கிராபிக்ஸ் கார்டை வீட்டு அவனில் வைத்து பேக் செய்தவர்களும் உண்டு (தயவுசெய்து செய்யாதீர்கள், அதே அவனில் கேக் சுடுவார்கள்).

இப்போது முக்கியக் கதைக்கு வருவோம். 2008 ஜூலை 2. என்விடியா நிறுவனம் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தில் ஒரு அறிக்கை தாக்கல் செய்தது. சில மடிக்கணினிகளில் இருக்கும் தங்கள் முந்தைய தலைமுறை சிப்புகள் வழக்கத்தைவிட அதிகமாகப் பழுதாகின்றன, அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குகிறோம் என்றது. சிப்பையும் அதன் அடித்தட்டையும் சேர்க்கும் பொருட்கள் பலவீனமானவை என்பதையும் ஒப்புக்கொண்டது. கூடவே இன்னும் இரண்டு காரணங்கள்: மடிக்கணினியின் வெப்ப வடிவமைப்பு, வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் விதம். கவனித்தீர்களா? பணத்தை ஒதுக்குகிற அதே அறிக்கையிலும் நம்மை விடவில்லை.

அதே நாளில் விற்பனைக் கணிப்பையும் குறைத்ததால் மறுநாள் பங்கு விலை சுமார் 30 சதவீதம் சரிந்தது. எந்தெந்த சிப்புகள் என்ற பட்டியல் மட்டும் வரவில்லை. மடிக்கணினி வாங்கியவனுக்குத் தேவைப்பட்டது அது ஒன்றுதான். டெல்லும் ஹெச்பியும் பயாஸ் அப்டேட் ஒன்றைக் கொடுத்தன. என்ன செய்யும்? விசிறியை அதிக நேரம் சுற்ற வைக்கும். சூடு குறைந்தால் விரிசல் தள்ளிப்போகும். வாரண்டி முடியும்வரை தள்ளிப்போடும் ஏற்பாடு இது என்று அப்போதே பலர் திட்டினார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. பலவீனமான உருண்டையை விசிறி பலப்படுத்திவிடாது.

இந்த விஷயத்தில் ஆப்பிள் நடந்துகொண்டது தனி. தங்கள் மேக்புக் ப்ரோ கணினிகளுக்குப் பாதிப்பில்லை என்று என்விடியா உறுதி கொடுத்ததாகவும், தாங்களே சோதித்ததில் பாதிப்பு இருக்கலாம் என்று தெரிந்ததாகவும் 2008 அக்டோபரில் வெளிப்படையாகவே எழுதியது. படம் சிதறுவது, கணினி ஓடும்போதே திரையில் எதுவும் வராமல் போவது, இவைதான் ஆப்பிள் சொன்ன அறிகுறிகள். அப்படி ஆனால் வாங்கியதிலிருந்து இரண்டு வருடம் வரை இலவசமாகச் சரிசெய்வோம் என்றது. பிறகு அந்தக் காலத்தை நீட்டிக்கவும் செய்தது.

என்விடியாவின் ஒதுக்கு அந்த முதல் தொகையோடு நிற்கவில்லை. 2009இல் இன்னும் கொஞ்சம், 2010இல் இன்னும் கொஞ்சம் என்று ஏறி, மொத்தம் சுமார் 47.5 கோடி டாலரில் போய் நின்றது. கணக்குப் படிக்கிறவனுக்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டாம். முதல் மதிப்பீட்டின் மேல் வரம்பைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்! வாடிக்கையாளர்கள் போட்ட கூட்டு வழக்கு 2010 டிசம்பரில் சமரசத்தில் முடிந்தது. ஆப்பிள், டெல் வைத்திருந்தவர்களுக்குப் பழுதான பாகத்தை மாற்றித் தந்தார்கள். ஹெச்பி வைத்திருந்தவர்களுக்கு ஒரு மலிவான காம்பேக் மடிக்கணினி. ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியவர்கள் அதை எப்படி வரவேற்றிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

மென்பொருள் பக்கமும் சும்மா இல்லை. எக்ஸ்பி காலத்தில் கிராபிக்ஸ் டிரைவர் சிக்கிக்கொண்டால் நீலத்திரைதான். விஸ்டாவில், கார்டு இரண்டு வினாடி பதில் சொல்லாவிட்டால் டிரைவரை மட்டும் மறுபடி எழுப்பும் ஏற்பாடு வந்தது. திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பி வருமே, அது. 2007இல் பதிவான விஸ்டா முடக்கங்களில் கிட்டத்தட்ட 29 சதவீதம் என்விடியா டிரைவர்களால் என்பது மைக்ரோசாப்டின் உள் மின்னஞ்சல்களில் இருந்தது. வேறொரு வழக்கில் நீதிமன்றம் வழியாக 2008இல் அதுவும் வெளியே வந்தது. 2010இல் ஸ்டார்கிராஃப்ட் 2 வந்தபோது மெனுத் திரையிலேயே கார்டுகள் கொதித்தன. படங்களின் வேகத்துக்கு வரம்பு வைக்காததால் சும்மா நிற்கும் திரையைக் கார்டு முழு மூச்சில் வரைந்துகொண்டிருந்தது. அமைப்புக் கோப்பில் இரண்டு வரி சேர்த்து வரம்பு வைக்கச் சொன்னது பிளிசார்ட்.

சமீப காலக் கதைகளில் கதாநாயகன் சூடு அல்ல, மின்சாரம். 2020 செப்டம்பரில் வந்த ஆர்டிஎக்ஸ் 3080 கார்டுகள் வேகம் 2 கிகாஹெர்ட்ஸ் தாண்டும்போது விழுந்தன. புது டிரைவர் வந்து அடங்கியது. 2021இல் நியூ வேர்ல்டு விளையாட்டின் சோதனைப் பதிப்பில் ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் செத்தபோது எல்லோரும் விளையாட்டைத் திட்டினார்கள். கார்டைத் தயாரித்த ஈவிஜிஏ ஆராய்ந்துவிட்டு, சுமார் இரண்டு டஜன் கார்டுகளில் தங்கள் சால்டரிங் சரியில்லை என்று சொல்லி மாற்றிக்கொடுத்தது. இவ்வளவு நேர்மையாகப் பேசிய நிறுவனம் மறுவருடமே கிராபிக்ஸ் கார்டு தொழிலை விட்டுப் போய்விட்டது.

கார்டு எடுக்கும் மின்சாரம் சீராக இருப்பதில்லை. ஆட்டத்தில் ஒரு வெடிப்பு வந்தால் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்குத் தன் அளவைப்போல இரண்டு மடங்கு கூட இழுக்கும். அதைப் பவர் சப்ளை தாங்க வேண்டும் என்று 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறையிலேயே எழுதிவிட்டார்கள். அந்தக் கணத்தில் 12 வோல்ட் கொஞ்சம் தாழ்ந்தால் போதும், கார்டு தன்னைக் காத்துக்கொள்ள விழுந்துவிடும். கட்டுப்படுத்த ஆள் இல்லாத விசிறி முழு வேகத்தில் சுற்றும். மற்ற பாகங்கள் நன்றாக இருப்பதால் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இதைப் படித்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. கேபினெட்டைத் திறந்து பார்த்தேன். கார்டில் 8 பின் சாக்கெட் இரண்டு. இரண்டுக்கும் பவர் சப்ளையிலிருந்து போவது ஒரே கேபிள், அதன் நுனியில் இரண்டு பிளக். ஒரு 8 பின் இணைப்பு 150 வாட்டுக்கு. நானோ இரண்டு இணைப்பின் சுமையை ஒரே கேபிளில் ஏற்றியிருக்கிறேன். கடைக்காரர் மாட்டியதல்ல, யூடியூப் பார்த்து நானே மாட்டியது. பவர் சப்ளை டப்பாவிலேயே இன்னொரு கேபிள் பிரிக்காமல் கிடந்தது. எடுத்துத் தனித்தனியாக மாட்டினேன்.

மூன்று வாரமாகிறது. அதே விளையாட்டு, அதே மூன்று மணி நேரம், ஒரு தடவைகூடத் திரை இருளவில்லை. கார்டில் ஒரு குறையும் இல்லை, ஹெவி யூசேஜும் இல்லை. கடைக்குப் போய் இதைச் சொல்லலாமா என்று நேற்று வாசல் வரை போனேன். உள்ளே அவர் வேறொரு பையனிடம், "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஆடுவீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவன் வெளியே வரும்வரை நின்று, கேபிளைப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன்.