புராஸ்டேட் புற்றுநோய்: செல்களின் ‘பிறப்பிட அடையாளத்தை’ குறிவைக்கும் மரபணுத் தேடல்

புதுடெல்லி: புராஸ்டேட் சுரப்பி இல்லாமலும் ஓர் ஆணால் உயிர்வாழ முடியும். புற்றுநோய் கண்ட சுரப்பியை அறுவை சிகிச்சை மூலம் முழுமையாக அகற்றுவது வழக்கமான மருத்துவ நடைமுறையே. இந்த எளிய உண்மைதான் அந்நோய்க்கான புதிய மருந்துகளைத் தேடும் முக்கிய ஆய்வுப் பாதை ஒன்றுக்கு அடிப்படையாக அமைந்துள்ளது.

உடலின் ஏறக்குறைய எல்லா செல்களிலும் ஒரே மரபணுத் தொகுப்பே உள்ளது. ஆனால், எந்த மரபணு எங்கே செயல்படுகிறது என்பது உறுப்புக்கு உறுப்பு மாறுபடும். குறிப்பிட்ட ஓர் உறுப்பில் மட்டும் செயல்படுபவை ‘திசு சார் மரபணுக்கள்’ எனப்படுகின்றன. எலும்புக்கோ நிணநீர் முடிச்சுக்கோ பரவிய பின்னரும், புராஸ்டேட் செல்கள் தங்கள் பிறப்பிடத்தின் அடையாளத்தைப் பெரும்பாலும் இழப்பதில்லை. சுரப்பி அகற்றப்பட்டவரின் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புரதம் மீண்டும் உயர்ந்தால், உடலில் எங்கோ புற்றுநோய் செல்கள் எஞ்சியுள்ளன என்று மருத்துவர்கள் கருதுவது இதனால்தான்.

எனவே, புற்றுநோய்க்கே உரிய மரபணுவைத் தேட வேண்டிய கட்டாயம் இங்கு இல்லை. புராஸ்டேட்டுக்கே உரியதாக இருந்தால் போதும். அதைக் குறிவைக்கும் மருந்து ஆரோக்கியமான புராஸ்டேட் செல்களையும் சேர்த்து அழித்தாலும் உயிருக்கு ஆபத்தில்லை. இதயத்திலோ கல்லீரலிலோ இவ்வாறு நினைத்துப் பார்க்கவும் இயலாது.

கணினியில் தொடங்கிய தேடல்

1990-களில் பல்வேறு மனிதத் திசுக்களிலிருந்து பெறப்பட்ட மரபணுத் துணுக்குகள் பொதுத் தரவுத்தளங்களில் குவியத் தொடங்கின. எந்தத் துணுக்கு எந்தத் திசுவிலிருந்து வந்தது என்ற குறிப்பும் அவற்றில் இருந்தது. அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த ஜார்ஜ் வாஸ்மாட்ஸிஸ், ஐரா பாஸ்டன் உள்ளிட்டோர், புராஸ்டேட் மாதிரிகளில் மிகுதியாகவும் பிற திசுக்களில் அரிதாகவும் காணப்படும் துணுக்குகளைக் கணினி வழியே பிரித்தெடுத்தனர்.

1998-ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வில், அதுவரை அறியப்படாத 15 மரபணுக்களைக் கணினி அடையாளம் காட்டியது. அவற்றுள் 7 மட்டும் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டன. 3 மரபணுக்களே புராஸ்டேட்டுக்கு உரியவை என உறுதியாயின. கணினி தரும் பட்டியல் தொடக்கம் மட்டுமே என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. நோய் எதிர்ப்பு செல்களுக்கு உரியதாகக் கருதப்பட்ட மரபணு ஒன்றின் செயல்பாடு புராஸ்டேட் செல்களிலும் இருப்பதை அதே குழுவினர் மறு ஆண்டு கண்டறிந்தனர். ‘டார்ப்’ எனப் பெயரிடப்பட்ட அதன் புரதம் பின்னர் தடுப்பூசி ஆய்வுகளில் இடம்பெற்றது.

மரபணு கிடைத்துவிட்டால் மருந்து கிடைத்துவிடாது. அது உருவாக்கும் புரதம் செல்லின் வெளிப்பரப்பில் அமைந்திருந்தால்தான் ஆன்டிபாடி போன்ற மருந்துகள் அதைப் பற்றிக்கொள்ள முடியும். பி.எஸ்.ஏ. செல்லிலிருந்து வெளியே சுரந்துவிடுவதால், பரிசோதனைக்குப் பயன்படும் அளவுக்கு அத்தகைய மருந்துகளின் இலக்காகப் பயன்படவில்லை.

இலக்கான பி.எஸ்.எம்.ஏ.

இந்தப் பாதையில் பெரும் பலன் தந்தது பி.எஸ்.எம்.ஏ. என்ற மேற்பரப்புப் புரதம். 1987-இல் ஓர் ஆன்டிபாடியின் வழியே இது வெளிச்சத்துக்கு வந்தது; 1993-இல் இதன் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. முதல் ஆன்டிபாடி, புரதத்தின் செல்லுக்கு உள்ளிருக்கும் பகுதியையே பற்றியது என்பதால் அதன் பயன் குறைவாக இருந்தது. வெளிப்பகுதியைப் பற்றும் சிறு மூலக்கூறுகள் பின்னர் வந்தன. அவற்றுள் ஒன்றான பி.எஸ்.எம்.ஏ.-617, ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகரில் உருவாக்கப்பட்டது.

இதனுடன் லுட்டீசியம்-177 என்ற கதிரியக்கத் தனிமத்தை இணைத்துச் செலுத்தும்போது, புற்றுநோய் செல்லின் அருகிலேயே கதிர்வீச்சு வெளிப்படுகிறது. ஹார்மோன் சிகிச்சையும் கீமோதெரபியும் பெற்ற பிறகும் நோய் முற்றிய 831 பேரிடம் நடந்த சோதனையில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 11.3 மாதங்களாக இருந்தது. இந்த மருந்தும் பெற்றவர்களுக்கு அது 15.3 மாதங்களாக உயர்ந்தது. நான்கு மாதங்கள் சிறிதாகத் தோன்றலாம். வேறு வழிகள் ஏறக்குறைய தீர்ந்துபோன நோயாளிகளிடம் கிடைத்த பலன் இது. 2022 மார்ச்சில் அமெரிக்கா இம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது.

இந்தியாவில் அதற்கு முன்பே இச்சிகிச்சை தொடங்கிவிட்டது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2017-இல் தங்கள் அனுபவத்தை ஆய்விதழில் வெளியிட்டனர். லுட்டீசியம்-177, மும்பை டிராம்பேயிலுள்ள துருவா அணு உலையில் உள்நாட்டிலேயே தயாரிக்கப்படுகிறது.

எனினும், பி.எஸ்.எம்.ஏ. முற்றிலும் புராஸ்டேட்டுக்கே உரியதன்று. சிறுநீரகத்திலும் சிறுகுடலிலும் அது ஓரளவு காணப்படுகிறது. மருந்து உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் சேர்வதால், மேற்கண்ட சோதனையில் மருந்து பெற்றவர்களில் 10 பேருக்கு ஏறத்தாழ 4 பேர் வாய் உலர்வால் அவதிப்பட்டனர். சில நோயாளிகளின் புற்றுநோய் செல்கள் காலப்போக்கில் இப்புரதத்தையே கைவிட்டுவிடுவதும் உண்டு. அதனால்தான் சிகிச்சைக்கு முன் பெட் ஸ்கேன் மூலம் இலக்கு இருக்கிறதா என்று பார்க்கப்படுகிறது. இலக்கு தென்படாதவர்களுக்கு இம்மருந்து பொருந்தாது. 1999-இல் கண்டறியப்பட்ட ‘ஸ்டீப்-1’ போன்ற பிற மேற்பரப்புப் புரதங்களைக் குறிவைக்கும் மருந்துகள் தற்போது நோயாளிகளிடம் பரிசோதிக்கப்பட்டு வருகின்றன.