அறிவுப் போட்டியும் ஆயத்தமும்



போட்டி என்று ஒன்று இருக்குமானால், அதற்கு ஆயத்தம் என்று ஒன்றும் இருக்கத்தான் வேண்டும். மல்லன் கர்லாக்கட்டை சுழற்றுகிறான். பாடகன் விடியற்காலையில் எழுந்து சாதகம் செய்கிறான். அவ்வாறே தொலைக்காட்சி வினாவிடைப் போட்டிக்குச் செல்பவரும் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்கிறார். அந்த ஆயத்தம் எத்தகையது? அது எந்த எல்லை வரையில் நேர்மையாகும்? இக்கேள்விகளுக்கு அமெரிக்க நாட்டின் வரலாறு தெளிவான விடை தருகிறது.

1955-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அங்கே ‘64,000 டாலர் கேள்வி’ என்னும் நிகழ்ச்சி தொடங்கிற்று. அதில் கலந்துகொண்டவர்களுள் ஜாய்ஸ் பிரதர்ஸ் என்ற உளநூல் அறிஞரும் ஒருவர். அவர் தேர்ந்த பொருள் குத்துச்சண்டை! அத்துறையில் பெரிதும் பழகாதவராயினும், குத்துச்சண்டை வரலாற்று நூல்களை வரி விடாமல் படித்து மனத்தில் பதித்துக்கொண்டார். அவ்வாண்டின் இறுதியிலேயே உயர்ந்த பரிசையும் பெற்றார். பின்னாளில் இத்தகைய நிகழ்ச்சிகள் பலவற்றின் மீது விசாரணை நடந்தபோது, அவர்மேல் குற்றமொன்றும் காணப்படவில்லை. இது ஆயத்தத்தின் ஒரு முகம்.

மற்றொரு முகத்தையும் பார்ப்போம். 1956 செப்டம்பரில் ‘இருபத்தொன்று’ என்ற நிகழ்ச்சி தொடங்கியது. போட்டியாளர் இருவரும் ஒலி புகாத கண்ணாடிக் கூண்டுகளில் நின்று விடை கூறுவர். ஹெர்பர்ட் ஸ்டெம்பல் என்ற மாணவர் அதில் வாரந்தோறும் வென்றுவந்தார். இயல்பாகவே நினைவாற்றல் மிக்கவர் அவர். ஆயினும் அவருக்கு விடைகள் முன்னதாகவே கொடுக்கப்பட்டன. அது மட்டுமன்று, எந்த இடத்தில் தயங்க வேண்டும், எப்போது நெற்றி வியர்வையை ஒற்ற வேண்டும் என்றெல்லாம் ஒத்திகை பார்க்கப்பட்டது. அறிவுப் போட்டி அங்கே நாடகமாகிவிட்டது!

டிசம்பர் திங்களில் அவரைத் தோற்கச் சொன்னார்கள். 1955-ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிசைப் பெற்றது எது என்பது கேள்வி. ‘மார்ட்டி’ என்பது விடை. அப்படத்தைப் பன்முறை பார்த்து மகிழ்ந்தவர் ஸ்டெம்பல். தெரிந்த விடையை விழுங்கிவிட்டுத் தவறான பெயரைச் சொல்லும் நிலை அவருக்கு வந்தது. தெரியாததைத் தெரிந்ததாக நடிப்பதிலும், தெரிந்ததைத் தெரியாததாக நடிப்பது கொடிதன்றோ?

அவரை வென்றவர் கொலம்பியாப் பல்கலைக் கழகத்து ஆங்கில ஆசிரியரான சார்லஸ் வான் டோரன். கவிஞர் மார்க் வான் டோரனின் மகன். அவர் 1957 மார்ச் வரையில் வென்று 1,29,000 டாலர் பெற்றார். நாடே அவரைப் போற்றிற்று. ஆனால் அவருக்கும் கேள்விகள் முன்கூட்டியே தரப்பட்டிருந்தன. ‘நீர் தோன்றினால் ஆசிரியர் தொழிலுக்கே பெருமை’ என்ற பேச்சு அவரை இணங்க வைத்தது. விடை தெரியாத இடங்களில், பிறர் சொல்லிக் கேளாமல் தாமே நூல்களில் தேடிக் கற்றுக்கொள்ள விரும்பினாராம். அவ்வாறு விரும்பியது தம் அறிவற்ற செருக்கு என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

உண்மை வெளிவந்த வகை வியப்புக்குரியது. ஜேம்ஸ் ஸ்னாட்கிராஸ் என்ற ஓவியர், தமக்கு முன்னதாகத் தரப்பட்ட வினாவிடைகளை எழுதி, 1957 மே திங்களில் தமக்குத் தாமே பதிவு அஞ்சலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தார். 1959-இல் சட்டமன்றக் குழுவின் முன் அந்த உறை பிரிக்கப்பட்டது. முதலில் மறுத்துவந்த வான் டோரன், அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் நாள் குற்றத்தை ஒப்புக்கொண்டு தம் பதவியையும் இழந்தார். 1960-இல் இத்தகைய மோசடியைக் குற்றமாக்கும் சட்டம் பிறந்தது.

இவ்விடத்தில் என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றையும் மறைக்காமல் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில், மாணவர் மூவரைப் பள்ளிகளுக்கிடையிலான வினாவிடைப் போட்டிக்கு ஆயத்தப்படுத்தினேன். கேள்விகள் சில எவ்வழியோ என் காதில் முன்னரே விழுந்தன. அவற்றை ‘முக்கியமானவை’ என்று சொல்லி முந்திய நாள் இரவில் மாணவர்களை உருப்போடச் செய்தேன். வெற்றி கிடைத்தது. கோப்பையோடு திரும்பும் வழியில் ஒருவன், “ஐயா, இவைதாம் வரும் என்று தங்களுக்கு எப்படித் தெரிந்தது?” என்று கேட்டான். நூறு வினாக்களுக்கு விடை கற்பித்த என்னால் அந்த ஒரு வினாவுக்கு விடை கூற முடியவில்லை. வான் டோரனைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தச் சிறுவனின் முகமே என் கண்முன் நிற்கிறது.

அமெரிக்கரும் அந்த இழிவோடு நின்றுவிடவில்லை. மெர்வ் கிரிஃபின் என்பவர் புதிய போட்டி ஒன்றை எண்ணிக்கொண்டிருந்தபோது, ‘விடையையே கொடுத்துவிட்டுக் கேள்வியைச் சொல்லச் சொன்னால் என்ன?’ என்றார் அவர் மனைவி. அதிலிருந்து 1964-இல் ‘ஜெப்பர்டி’ பிறந்தது. 2004-இல் கென் ஜென்னிங்ஸ் என்ற கணிப்பொறியாளர் அதில் தொடர்ந்து 74 ஆட்டங்களை வென்றார். அவர் செய்த ஆயத்தத்தைப் பாருங்கள்: மது அருந்தாதவராகிய அவர், அது பற்றியும் கேள்வி வரும் என்பதால் மதுவகைகளின் பெயர்களை அட்டைகளில் எழுதிப் படித்தார். வினா வாசித்து முடியுமுன் பொத்தானை அழுத்தினால் கணப்பொழுது அது செயலற்றுப் போகும். ஆகவே மகனுடைய விளையாட்டுப் பொருளைக் கையில் பிடித்து, வீட்டில் நின்றபடியே விரலைப் பழக்கினார். 2010-இல் வென்ற ரோஜர் கிரெய்க் என்பவரோ, பழைய கேள்விகள் பல்லாயிரத்தைக் கணிப்பொறியால் வகைப்படுத்தி, தமக்கு வலுவில்லாத பகுதிகளைக் கண்டறிந்து, மறக்கும் தறுவாயில் மீண்டும் மீண்டும் படித்தார்.

இவர்களும் இன்ன கேள்வி வரக்கூடும் என்று கணித்தவர்களே. ஆனால் இன்ன கேள்விதான் வரும் என்று எவரும் அவர்கள் காதில் ஓதவில்லை. நேர்மையான ஆயத்தத்துக்கும் மோசடிக்கும் இடையேயுள்ள கோடு இதுதான்.

மாணவ நண்பர்களே, நாளை நீங்களும் போட்டி மேடையில் நிற்கலாம். அட்டையில் எழுதிப் படியுங்கள், விரலைப் பழக்குங்கள், வலுவில்லாத இடத்தைத் தேடித் திருத்துங்கள். தெரியாத கேள்வி வந்தால் ‘தெரியாது’ என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள். ‘உனக்கு இது எப்படித் தெரிந்தது?’ என்று யாரேனும் கேட்டால், கூசாமல் விடை சொல்லக்கூடிய வெற்றியே வெற்றி.