தவள மாட்டிலிருந்து மின்சாரக் கார் வரை: ஊவா மலையை ஏறியவை



பல வருடம் டீசல் வேன் ஓடிவிட்டு, பாவித்த நிசான் லீஃப் ஒன்றுக்கு மாறியவன் நான். பதுளை டவுனில் காண்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "சேர், இது மலை ஏறுமா?"

ஏறும். ஆனால் சரித்திரம் படிப்பிக்கிறவனுக்கு அந்த ஒரு சொல்லோடு நிறுத்த முடியவில்லை. ஊவாவில் எது மலை ஏறுகிறது, அதற்குத் தீனி எங்கிருந்து வருகிறது என்ற இரண்டு கேள்விகளும் இருநூறு வருடத்துக்கு மேலாக நமது ஊரின் நன்மை தீமையோடு பின்னிக் கிடக்கின்றன. ஆகவே இந்த நீண்ட பதிவு.

முதலில் ஏறியது மாடு. கண்டி இராச்சியக் காலத்தில் உப்பும் கருவாடும் புடவையும் ஊவாவுக்கு வந்தது பொதி மாடுகளின் முதுகில். அந்தத் தவளங்களை நடத்தியவர்களில் நமது முன்னோருக்குப் பெரிய பங்கு உண்டு. அரசனின் போக்குவரத்துப் பிரிவான 'மடிகே'யில் முஸ்லிம்கள் கடமை செய்தார்கள். 1815இல் கண்டியைப் பிடித்த ஆங்கிலேயர், 1817இல் வெல்லஸ்ஸ முஸ்லிம்களின் தவளப் பிரிவுக்கு ஹாஜி மரிக்காரை முகாந்திரமாக நியமித்தார்கள். அதனால் தமது அதிகாரம் பறிபோனதாகக் கண்டியத் தலைவர்கள் கொதித்தார்கள். ஹாஜி மரிக்கார் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். பதுளையிலிருந்து நிலைமையைப் பார்க்கப் போன ஆங்கில அதிகாரி வில்சன் அம்பு பட்டு இறந்தார். 1817-18 ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சிக்கு இதைவிடப் பெரிய காரணங்களும் உண்டு. ஆனாலும் மலைக்குச் சாமான் ஏற்றுகிற தவளத்தை யார் ஆள்வது என்ற பிணக்கும் அதற்குள் இருந்ததை மறக்கக் கூடாது.

அந்த மாட்டுக்குத் தீனி, இந்த மலையிலேயே முளைத்த புல். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ரயில். 1885இல் நானுஓயா, 1893இல் ஹப்புத்தளை, 1894இல் பண்டாரவளை. அங்கிருந்து பதுளைக்கு வர இன்னும் 30 வருடம் பிடித்தது. தெமோதரையில் பாதை தன்னையே சுற்றித் தன் அடியில் நுழைந்து போகும் அந்த வளையம் இந்த இறக்கத்துக்காகவே போடப்பட்டது. பதுளை நிலையம் 1924 ஏப்ரல் 5ஆம் திகதி திறக்கப்பட்டது. தோட்டத்துப் பெட்டிகள் துறைமுகத்துக்குப் போவதற்காக மலைநாட்டுக்கு வந்த ரயில் அது. அந்தப் பெட்டிகளை நிரப்பிய கைகள் லயத்தில் இருந்தன. நீராவி என்ஜினுக்கு நிலக்கரி வேண்டும். இலங்கையில் நிலக்கரி கிடையாது, கப்பலில் வரவேண்டும். மலையேறும் சக்தி அன்றோடு நமது மலையை விட்டுப் போனது.

1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்த டீசல் என்ஜின்கள் வரத் தொடங்கின. அவற்றுக்கு அல்பேர்ட்டா, ஒன்டாரியோ என்று கனடிய மாகாணங்களின் பெயர்கள். ஒரு சுவையான விஷயம்: அந்த என்ஜினில் டீசல் நேரடியாகச் சில்லைச் சுற்றுவதில்லை. டீசல் உள்ளே மின்சாரத்தை உற்பத்தி செய்கிறது. சில்லைச் சுற்றுவது மின்மோட்டார். அதாவது, மின்மோட்டார் மலை ஏறுமா என்ற கேள்விக்கு நமது ரயில் பாதை எப்போதோ பதில் சொல்லிவிட்டது. ரயிலில் அந்த மின்சாரத்துக்கு டீசல் வேண்டும் என்பதுதான் வித்தியாசம்.

றோட்டிலும் டீசல்தான் ராஜா. கொழுந்து லொறி, வெலிமடை மரக்கறி லொறி, பசறை பஸ், மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து நள்ளிரவில் நோயாளியைப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு இறக்கும் வேன், எல்லாம் டீசல். நான் டீசலைக் குறை சொல்ல வரவில்லை. அந்தச் சத்தத்தை நம்பித்தான் எத்தனையோ தாய்மார் பிள்ளை பெற்றார்கள்.

ஆனால் 2022 நமக்கு ஒன்றைக் காட்டித் தந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல், ஜூன் 26ஆம் திகதி 460 ரூபா. அதுவும் காசிருந்தாலும் கிடைக்காது. ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகள் தவிர மற்றவர்களுக்கு எரிபொருள் விற்பதையே நிறுத்தினார்கள். ஜூலையில் கியூஆர் வந்தது. கப்பலுக்குக் கட்ட டொலர் இல்லை. ஆகவே ஊவாவில் மரக்கறி லொறி ஓடவில்லை. வெளிநாட்டுத் தீனியில் மலை ஏறுகிறவனுக்கு வருகிற ஆபத்து இதுதான்.

மின்சாரக் கார் அதற்கு முன்பே நமது நாட்டுக்கு வந்திருந்தது. 2015ஐ ஒட்டிய காலத்தில் வரி குறைந்திருந்தபோது லீஃப் கார்கள் நிறைய இறங்கின. பிறகு வரி ஏறியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. ஆகவே நம்மில் பலர் கையில் இருப்பது பேட்டரி வயதான பழைய லீஃப்.

அதோடு வாழ்வது எப்படி? புதிதாக இருந்தபோது அதன் பேட்டரி 24 யுனிட் பிடிக்கும். இப்போது அதைவிடக் குறைவு. பதுளை சுமார் 680 மீற்றர் உயரம், பண்டாரவளை அதைவிட ஏறக்குறைய 550 மீற்றர் கூட. ஒன்றரை தொன்னுக்குக் கொஞ்சம் மேலான ஒரு காரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டும் ஏறத்தாழ 2.4 யுனிட் வேண்டும். ஓடும் செலவு வேறு. ஏறும்போது பேட்டரிக் கோடு குறைவதைப் பார்த்தால் நெஞ்சு பதறும். இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி அதில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. வேனில் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு, பிரேக் மணக்க இறங்கிய அதே வளைவுகளில், இப்போது கோடு மெல்ல ஏறுகிறது. இறக்கம் வீணாகாத வாகனம் மலைநாட்டானுக்குத்தான் அதிகம் உதவும்.

குறைகளும் உண்டு. கொழும்புக்கு ஒரே ஓட்டமாகப் போக முடியாது. அதற்கு நான் ரயில் எடுக்கிறேன். தோட்டத்துக் கல் றோட்டுக்கு அடி உயரம் போதாது. சத்தமில்லாததால் வளைவில் நடந்து வருகிறவர்கள் திடுக்கிடுகிறார்கள். ஹோன் அடிக்கப் பழக வேண்டும்.

சரி, அந்த யுனிட் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் நமது சரித்திரம் சுற்றி வருகிறது. மலைநாட்டுத் தோட்டங்களுக்கு மின்சாரம் புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்திலேயே பல தோட்டங்கள் ஓடையை மறித்து, குழாயில் இறக்கி, சுழலி வைத்துத் தேயிலை ஸ்டோரை ஓட்டின. ஸ்டோரில் மெஷின் ஓடியது, துரை பங்களாவில் லைட் எரிந்தது. அதே தோட்டத்து லயத்தில் குப்பிலாம்பு. பிறகு அரசாங்கத்தின் மின்கம்பியும் டீசல் என்ஜினும் வந்ததும் அந்தச் சுழலிகள் பல கைவிடப்பட்டன.

நமது காலத்தின் பெரிய சுழலி உமா ஓயா. புஹுல்பொலவிலும் டயரபாவிலும் தண்ணீரை மறித்து, மலையைக் குடைந்த சுரங்கத்தால் வெல்லவாயப் பக்கம் இறக்கி, நிலத்தடியில் 120 மெகாவோட் மின்சாரம் எடுக்கிறார்கள். 2024 ஏப்ரல் 24ஆம் திகதி ஈரான் ஜனாதிபதி ரய்சி வந்து திறந்துவைத்தார். ஆக, மலையிலிருந்து இறங்கும் தண்ணீரும் சேர்ந்துதான் காரை மலைக்கு ஏற்றுகிறது. தவள மாட்டுக்குப் பிறகு, மலையேறும் சக்தியில் ஒரு பங்கு மறுபடி நமது மண்ணிலிருந்தே வருகிறது.

ஆனால் விலை கொடுத்தவர்களை மறந்துவிட்டு அல்ஹம்துலில்லாஹ் சொல்ல மனம் வரவில்லை. 2014 இறுதியில் அந்தச் சுரங்கத்துக்குள் நீர் பீறிட்டது. பண்டாரவளைச் சுற்றுவட்டத்தில் கிணறுகள் வற்றின. ஆயிரக்கணக்கான வீடுகள் வெடித்தன. 2017இல் மக்கள் கடையடைத்து வீதிக்கு வந்தார்கள். பவுசர் தண்ணீருக்கு வாளி வைத்துக் காத்திருந்தவர்களும் நம்மவர்கள்தான். டீசலின் விலையை நாம் செட்டில் கட்டினோம். இந்த யுனிட்டின் விலையில் ஒரு பகுதியை அவர்கள் கிணற்றால் கட்டினார்கள்.

இன்னொன்று. இரவில் நாம் செருகும் மின்சாரம் முழுவதும் தண்ணீர் அல்ல. 900 மெகாவோட் நுரைச்சோலையின் நிலக்கரியும் அதற்குள் இருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியதும் ஞாபகம் இருக்கட்டும். மறுபுறம், 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் பகல் மின்சாரம் மிஞ்சுகிறது என்று கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். அப்படியானால் வழி தெரிகிறது: இயன்றவரை பகலில் சார்ஜ் செய்வோம். பாடசாலை, பள்ளிவாசல், கோயில், கூட்டுறவுக் கடை ஆகியவற்றின் கூரையில் சோலாரும் கீழே ஒரு சார்ஜரும் இருந்தால், கார் உள்ள சிலருக்கு மட்டுமல்ல, தோட்டத்துக்கு ஓடும் மின்சார முச்சக்கர வண்டிக்கும் பயன்படும்.

தவளம் அரசனுக்கும், ரயில் தோட்டத்துக்கும், டீசல் டொலர் உள்ளவனுக்கும் முதலில் உழைத்தது. மின்சாரமாவது லயத்து வாசலில் நின்று ஆளை ஏற்றிக்கொண்டு போகட்டும். கார் வாங்கிய நாமும், அதைக் கேட்டுப் பேச வேண்டியவர்கள்தான்.

கைவிடப்பட்ட பழைய சுழலி உங்கள் தோட்டத்தில் இருந்தால், பெரியவர்களிடம் விசாரித்து எழுதுங்கள். எந்த ஓடை, எந்த ஸ்டோர் என்று சேர்த்து வைப்போம். பிள்ளைகளுக்குப் படிப்பிக்க உதவும்.