குடத்திற்கு ஒரு பெயர்

வட ஆப்பிரிக்காவில் செல்வச் செழிப்புடன் விளங்கிய கார்த்தேஜ் மாநகரத்தின் சிறைச்சாலைக்குள் பிரவேசிப்போம்.

கி.பி. 203-ஆம் ஆண்டளவில், ரோமச் சக்கரவர்த்தி செப்டிமியுஸ் செவேருஸின் ஆட்சியில், ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்த சிலர் கைதாகி அங்கே அடைக்கப்பட்டனர். உயர்குலத்தில் பிறந்து, நற்கல்வி பெற்று, கைக்குழந்தைக்குத் தாயாகவும் இருந்த பெர்பெத்துவா அவர்களுள் ஒருத்தி. வயது ஏறக்குறைய 22. பெலிசித்தா என்னும் அடிமைப் பெண்ணோ கர்ப்பவதி.

மகளின் மனத்தை மாற்ற விரைந்து வந்த தந்தையிடம், அருகிலிருந்த ஒரு குடத்தைச் சுட்டிக்காட்டி, அதற்கு உரிய பெயரன்றி வேறு பெயர் சொல்லுதல் கூடுமோ என வினவினாள் பெர்பெத்துவா. கூடாது என்றார் அவர். அவ்வாறே, தன்னையும் கிறிஸ்தவள் என்பதன்றி வேறாகச் சொல்லிக்கொள்ளத் தன்னால் இயலாது என்றாள். பின்னர் விசாரணை மன்றத்தில், குழந்தையை ஏந்தி நின்று அவர் மன்றாடியபோதும், சக்கரவர்த்திகளின் க்ஷேமத்துக்காகப் பலியிடுமாறு அதிகாரி ஹிலாரியானுஸ் பணித்தபோதும், அவள் விடை மாறவில்லை. முதியவரைப் பிரம்பால் அடித்தார்கள். அவ்வடி தன்மேல் விழுந்தது போலவே அவள் துடித்தாள். கொடிய விலங்குகளுக்கு இரையாக்குக என்பது தீர்ப்பு.

சமயத்துக்காக உயிர்நீத்தோரை நம் கிறிஸ்தவர்கள் 'வேதசாட்சி' என்று வழங்குகிறார்கள். அவர்களைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கும் சாட்சி என்பதே மூலப்பொருள். சாட்சியின் தர்மம், உள்ளதை உள்ளவாறு உரைப்பது. அதனை இவள் மன்றத்தில் மட்டுமன்றி ஏட்டிலும் நிறைவேற்றினாள். சிறையிலிருந்தபடியே தன் அனுபவங்களை எழுதிய இம்மாது, இருட்டறையைக் கண்டு அஞ்சியதையும், பாலுண்ணாத குழந்தையை நினைந்து உருகியதையும், அதனைத் தன்னிடமே வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தபின் அச்சிறையையே விரும்பியதையும் ஒளிக்கவில்லை. அச்சமே அறியாத வீராங்கனையாகத் தன்னைச் சித்திரித்துக் கொள்ளாமையாலேயே, அவள் வாக்குமூலத்தை நம் நெஞ்சம் ஐயமின்றி ஏற்கிறது.

பெலிசித்தா சிறையிலேயே ஒரு பெண்மகவை ஈன்றாள். மார்ச் 7-ஆம் நாள் கைதிகள் அரங்கத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அதற்கு முந்திய தினத்தோடு பெர்பெத்துவாவின் எழுத்து நின்றுவிடுகிறது. அரங்கத்தில் நிகழ்வதை விரும்புகிறவர் எழுதட்டும் என்று அவள் விட்டுச் சென்றாள். எஞ்சியதைப் பிறிதொருவர் எழுதி முடித்தார்.