இருவர் சென்ற பாதையில் ஒருவர்

கல்லூரிப் படிப்பு முடிந்ததும் நண்பனோடு எங்காவது நெடுந்தூரம் போய்வர வேண்டும் என்று திட்டம் போடாத மாணவர்கள் குறைவு. அந்தத் திட்டங்களில் பெரும்பாலானவை விடுதி அறையைத் தாண்டுவதில்லை. 1890-ம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற இரண்டு மாணவர்களின் திட்டம் மட்டும் அப்படி முடியவில்லை. தாமஸ் ஆலன், வில்லியம் சாக்ட்லெபென் என்ற அந்த இருவரும் பட்டம் வாங்கிய மறுநாளே நியூயார்க் கிளம்பினார்கள். அங்கிருந்து ஜூன் 23 அன்று கப்பலேறி, இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கினார்கள். மூன்று ஆண்டுகளுக்கு இருபது நாட்கள் குறைவாக இருக்கும்போது, சைக்கிளிலேயே நியூயார்க் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் சைக்கிளில் கடந்த தூரம் மட்டும் 15,044 மைல்கள், அதாவது ஏறத்தாழ 24,200 கிலோமீட்டர்!

சைக்கிள் வளர்ந்த கதை

இந்தப் பயணத்தின் அருமையைப் புரிந்துகொள்ள அன்றைய சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1880-களின் தொடக்கத்தில் சைக்கிள் என்றால் முன்சக்கரம் ஆளுயரத்துக்குப் பெரிதாகவும் பின்சக்கரம் மிகச் சிறிதாகவும் இருக்கும் வண்டிதான். சிறு கல் தடுக்கினாலும் ஓட்டுபவர் தலைகுப்புற விழ வேண்டியதுதான். 1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்ற ஆங்கிலேயர், இரண்டு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் அமைந்து, சங்கிலியால் பின்சக்கரம் சுழலும் 'ரோவர்' சைக்கிளை அறிமுகப்படுத்தினார். இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் மூதாதை அதுவே. 1888-ல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார்.

உலகைச் சைக்கிளில் முதலில் சுற்றியவர் தாமஸ் ஸ்டீவன்ஸ். 1884 முதல் 1886 வரை, பெரிய சக்கர வண்டியிலேயே, தனி ஆளாகச் சென்றார். ஆனால் ஆப்கானிஸ்தானில் அவரைத் தடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால் ஆசியக் கண்டத்தை மேற்கிலிருந்து கிழக்குவரை தரைவழியாகவே கடக்க அவரால் முடியவில்லை. ஆலனும் சாக்ட்லெபெனும் கண்வைத்தது அந்த மிச்சப் பாதையில்தான்.

துருக்கியிலிருந்து பீக்கிங் வரை

லண்டனில் தங்கித் திட்டத்தை வகுத்துக்கொண்ட பிறகு இருவரும் பிரான்ஸ், இத்தாலி வழியாகக் கிரீஸ் சென்றார்கள். அந்தக் குளிர்காலத்தை ஏதென்ஸ் நகரில் கழித்துவிட்டு, 1891 ஏப்ரலில் கான்ஸ்டான்டிநோபிளில் பாஸ்பரஸ் நீரிணையைக் கடந்து ஆசிய மண்ணில் கால் வைத்தார்கள்.

துருக்கியின் உட்பகுதிக் கிராமங்களில் சைக்கிளைப் பார்த்தவர்கள் அரிது. அதைச் 'சைத்தானின் வண்டி' என்றார்கள். ஊருக்குள் நுழைந்தால் போதும், கூட்டம் சூழ்ந்துகொண்டு "பின்! பின்!" என்று கத்தும். துருக்கி மொழியில் 'ஏறு, ஏறு' என்று பொருள். களைத்து விழும் நிலையில் வந்தாலும் ஒருமுறை ஓட்டிக் காட்டினால்தான் வழி கிடைக்கும்.

வழிகாட்டிகளையோ மொழிபெயர்ப்பாளர்களையோ பயணம் முழுவதும் அவர்கள் அமர்த்திக்கொள்ளவில்லை. போகும் நாட்டின் மொழியில் கொஞ்சம் கொஞ்சம் கற்றுக்கொண்டார்கள். இதனால் தொல்லைகள் கூடினாலும் மக்களோடு நெருங்கிப் பழக முடிந்தது. எர்சுரும் நகரைக் கடந்து, அலாஷ்கெர்ட் பள்ளத்தாக்கு வழியாக எல்லை ஊரான பாயசித் வந்தார்கள். அருகில் 5,137 மீட்டர் உயரமுள்ள அராரத் மலை. நோவாவின் பேழை தங்கியதாகச் சொல்லப்படும் அந்தப் பனிமலையின் உச்சியை, தங்கள் நாட்டின் சுதந்திர தினமான ஜூலை 4 அன்று அடைந்தார்கள்.

பிறகு பாரசீகத்தின் தப்ரீஸ், டெஹ்ரான், மஷ்ஹத் நகரங்கள். அங்கிருந்து ரஷ்யாவின் ஆட்சியிலிருந்த மத்திய ஆசியா. அடுத்த குளிர்காலம் தாஷ்கண்டில் கழிந்தது. 1892-ல் சீன எல்லைக்குள் நுழையும்போது முன்னால் கோபி பாலைவனம் இருந்தது. சுமையைக் குறைப்பதற்காகச் சைக்கிள் கைப்பிடியின் நீளத்தைக்கூட வெட்டிக் குறைத்தார்கள். பணமே பெரிய சுமைதான். அன்றைய சீனாவில் அன்றாடச் செலவுக்கு நடுவில் துளையிட்ட காசுகளைக் கயிற்றில் கோத்துத் தூக்கிச் செல்ல வேண்டும். வெள்ளியை நறுக்கி எடை போட்டுத்தான் பெரிய தொகைகளைக் கொடுக்க முடியும்.

1892 நவம்பரில் பீக்கிங் வந்து சேர்ந்தார்கள். சீனப் பேரரசின் அன்றைய முக்கிய அரசியல்வாதியான லி ஹுங்-சாங் அவர்களை அழைத்து, பயணத்தைப் பற்றித் துருவித் துருவி விசாரித்தார். ஷாங்காயிலிருந்து ஜப்பான் வழியாகக் கப்பலேறி, கிறிஸ்துமஸ் இரவில் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினார்கள். மூன்று வாரம் கழித்து மறுபடியும் சைக்கிளில் ஏறி, அரிசோனா, நியூ மெக்சிகோ, டெக்சாஸ் வழியாகத் தங்கள் சொந்த நாட்டையும் குறுக்கே கடந்தார்கள். வழியெங்கும் எடுத்த 2,500-க்கும் மேற்பட்ட புகைப்படங்களில் சிலவற்றோடு, 1894-ல் ஆசியப் பயணம் நூலாக வெளிவந்தது.

தனியாகக் கிளம்பியவர்

இவர்கள் சீனாவைக் கடந்துகொண்டிருந்த அதே 1892-ல் பிராங்க் லென்ட்ஸ் என்ற இன்னொரு அமெரிக்க இளைஞர் உலகைச் சுற்றக் கிளம்பியிருந்தார். பிட்ஸ்பர்க் நகரில் கணக்கெழுதும் வேலை பார்த்தவர். சைக்கிளிலும் புகைப்படக் கலையிலும் ஒருசேரப் பித்து. 'அவுட்டிங்' என்ற பத்திரிகை அவருடைய பயணக் கட்டுரைகளை வெளியிட முன்வந்தது. காற்றடைத்த டயர் போட்ட புதிய சைக்கிளில், மற்ற இருவருக்கும் எதிர்த்திசையில், அமெரிக்காவிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார்.

லென்ட்ஸ் எப்போதுமே தனியாகப் பயணம் செய்தவர் அல்லர். 1890-ல் செயின்ட் லூயிஸ் வரையிலும், 1891-ல் நியூ ஆர்லியன்ஸ் வரையிலும் சார்லஸ் பெட்டிகார்ட் என்ற நண்பரோடு சைக்கிளில் போய்வந்தவர்தான். ஆனால் உலகப் பயணத்தில் பெட்டிகார்ட் சேரவில்லை. லென்ட்ஸ் தனியாகவே போனார். தம்மையும் சைக்கிளையும் சேர்த்துப் படம் எடுக்க யாருமில்லாததால், கேமராவைத் தாங்கியில் நிறுத்தி, சற்று நேரம் கழித்துத் தானே இயங்கும்படி செய்து, ஓடிப்போய் அதன் முன்னால் நிற்பார். அவருடைய படங்கள் பலவற்றில் அவர் ஒருவரே நிற்பதன் காரணம் இதுதான்.

1892 டிசம்பரில் லென்ட்ஸ் ஷாங்காய் வந்தார். அதே மாதக் கடைசியில் ஆலனும் சாக்ட்லெபெனும் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினார்கள். லென்ட்ஸ் சீனாவின் உட்பகுதிகளையும் பர்மாவையும் கடந்து கல்கத்தா வந்து, வட இந்தியாவின் குறுக்கே கராச்சி வரை சைக்கிளில் சென்றார். பிறகு பாரசீகம், டெஹ்ரான், தப்ரீஸ். 1894 மே மாதம் தப்ரீஸிலிருந்து எர்சுரும் நோக்கிப் போனார். அதன்பின் அவரிடமிருந்து கடிதம் வரவில்லை. பிட்ஸ்பர்க்கில் தாயார் காத்திருந்தார். பத்திரிகையின் வாசகர்களும் காத்திருந்தார்கள். வாரங்கள் மாதங்களாயின.

தேடிப் போனவர்

கடைசியில் 1895-ல் 'அவுட்டிங்' பத்திரிகை ஒருவரைத் தேடுவதற்காக அனுப்பியது. அவர் வேறு யாருமல்ல, சாக்ட்லெபென்தான். அந்தப் பாதையைச் சைக்கிளில் கடந்த அனுபவமும் கொஞ்சம் துருக்கி மொழியும் அவருக்கு இருந்தன. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு நண்பனோடு போன அதே வழிக்கு, இம்முறை காணாமல் போன ஒருவரின் தடயத்தைத் தேடிப் போனார்.

ஆனால் அந்த மண் மாறியிருந்தது. சுல்தான் அப்துல் ஹமீதின் ஆட்சியில் ஆர்மேனியர்கள் மீதான வன்முறை 1894-ல் பெரிய அளவில் வெடித்திருந்தது. 1895 அக்டோபர் 30 அன்று எர்சுரும் நகரிலேயே படுகொலை நடந்தது. சாக்ட்லெபென் அப்போது அங்கே இருந்தார். கொல்லப்பட்டவர்களின் உடல்கள் வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்த ஆர்மேனியக் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று பார்த்தார். தாம் கண்டதைக் கடிதமாக எழுதி அனுப்ப, லண்டனின் 'தி டைம்ஸ்' நாளிதழ் அதை வெளியிட்டது. ஒரு சைக்கிள் பயணியைத் தேடிப் போனவர், ஒரு பெருங்கொடுமைக்குச் சாட்சியானார்.

லென்ட்ஸ் விஷயத்தில் அவர் வந்த முடிவு இது: அலாஷ்கெர்ட் பள்ளத்தாக்கில் ஒரு கிராமத்தில் இரவு தங்கிய லென்ட்ஸ், அந்தப் பகுதியைச் சேர்ந்த குர்துத் தலைவன் ஒருவனாலும் அவனுடைய ஆட்களாலும் கொல்லப்பட்டார். உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் உரிய தண்டனை அனுபவிக்கவும் இல்லை. பல ஆண்டுகள் இழுபறிக்குப் பிறகு துருக்கி அரசு இழப்பீட்டுத் தொகை ஒன்றைக் கொடுத்தது. மகன் எங்கே புதைக்கப்பட்டான் என்பது மட்டும் தாயாருக்குத் தெரியவரவில்லை.

துணை என்பது என்ன?

1891-ல் இருவர் போன பாதையில்தான் 1894-ல் ஒருவர் மறைந்தார். இருவராகப் போனதால்தான் அவர்கள் பிழைத்தார்கள், தனியாகப் போனதால்தான் இவர் இறந்தார் என்று சொல்லிவிட முடியுமா? அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் அந்த வட்டாரத்தின் நிலைமை மிகவும் கெட்டிருந்தது. ஆயுதம் தாங்கிய கூட்டத்தின் முன்னால் ஒருவரும் ஒன்றுதான், இருவரும் ஒன்றுதான். ஸ்டீவன்ஸ் தனியாகப் போய்ப் பத்திரமாகத் திரும்பியவர் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆனாலும் துணைக்கு ஒருவர் இருப்பதில் வேறொரு பயன் உண்டு. காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருப்பதும், சைக்கிள் உடைந்தால் கைகொடுப்பதும் மட்டுமல்ல அது. ஒருவருக்கு ஏதாவது ஆனால், எங்கே ஆனது, எப்படி ஆனது என்று வீட்டுக்குச் சொல்ல இன்னொருவர் இருப்பார். லென்ட்ஸுக்கு அப்படி யாரும் இல்லை. ஒரு வருடம் கழித்து, முன்பின் பழக்கமில்லாத சாக்ட்லெபென் அந்த இடத்தை நிரப்பப் பார்த்தார். அவரால் முடிந்தது பாதிதான்.

சாக்ட்லெபென் பின்னாளில் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் நாடக அரங்கு ஒன்றின் மேலாளராக இருந்து, 1953-ல் காலமானார். இளமையில் அவரும் ஆலனும் துருக்கியில் எடுத்த படங்களின் நெகட்டிவ்கள் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றில் ஆலன் இருக்கும் படத்தைச் சாக்ட்லெபென் எடுத்திருப்பார். சாக்ட்லெபென் இருக்கும் படத்தை ஆலன் எடுத்திருப்பார். நண்பனோடு நெடும்பயணம் போக வேண்டும் என்று விடுதி அறையில் இன்றும் திட்டம் போடும் மாணவர்கள் அந்தப் படங்களை ஒருமுறை தேடிப் பார்க்கலாம். கூடவே, கேமராவை நிறுத்திவிட்டு ஓடிப்போய்த் தனியாக நின்ற லென்ட்ஸின் படங்களையும் பார்க்க வேண்டும்.