கெடு வைத்துக் கொடுத்த அதிகாரம்: இந்திய நாடாளுமன்றத்தில் செலவும் காவலும்

நாடாளுமன்றத்திடமிருந்து அரசு பெறும் அனுமதிகளில் இரண்டு மிகக் கனமானவை. ஒன்று, மக்களின் வரிப்பணத்தைச் செலவிடும் அனுமதி. மற்றொன்று, விசாரணையில்லாமலும் ஒருவரைச் சிறையில் அடைக்கும் அனுமதி. குடியரசான இந்தியாவில் இவ்விரண்டும் தொடக்கத்தில் கெடு வைத்தே கொடுக்கப்பட்டன. செலவுக்கான அனுமதி ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 31ஆம் தேதியுடன் முடிந்துவிடும். 1950இல் நிறைவேறிய தடுப்புக் காவல் சட்டமும் சுமார் ஓராண்டில் காலாவதியாகும்படி எழுதப்பட்டது. கெடு முடிந்ததும் அரசு மறுபடியும் அவைக்கு வந்து, காரணம் சொல்லி, வாக்குக் கேட்க வேண்டும். பின்வந்த ஆண்டுகளில் செலவுக்கான கெடு அப்படியே நின்றது. ஆனால் அதன் மீதான விவாதம் சுருங்கியது. காவலுக்கான கெடுவோ சட்டங்களிலிருந்தே மறைந்துபோனது.

இந்த வழக்கத்தின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே 1689இல் நிறைவேறிய படைக்கலகச் சட்டம் குறுகிய காலத்துக்கே செல்லும். அமைதிக் காலத்தில் மன்னர் நிலையான படை வைத்திருக்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதலைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கவும் வேண்டும். தன் மன்னருக்கு விதித்த இந்தக் கட்டுப்பாட்டை அந்த நாடு இந்தியாவை ஆண்ட வைஸ்ராய்க்கு விதிக்கவில்லை.

வாக்கு இருந்தும் வலு இல்லாத அவை

இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1860இல் ஜேம்ஸ் வில்சன் அளித்தார். அதற்குப் பின் முப்பதாண்டுகளுக்கும் மேலாக, சட்டசபை உறுப்பினர்களுக்குப் பட்ஜெட்டைப் பற்றி விவாதிக்கும் உரிமைகூட ஒழுங்காக இல்லை. 1892ஆம் ஆண்டுச் சட்டம் பேச அனுமதித்தது, வாக்களிக்க அனுமதிக்கவில்லை. 1909ஆம் ஆண்டு மிண்டோ-மார்லி சீர்திருத்தம் தீர்மானம் கொண்டுவரும் உரிமையைத் தந்தது. அந்தத் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது.

இந்த ஏற்பாட்டின் கொடுமை 1919 மார்ச்சில் வெளிப்பட்டது. சந்தேகத்தின் பேரில் அடைத்துவைக்கவும் வழக்கமான நடைமுறைகளின்றி விசாரிக்கவும் இடமளித்த ரௌலட் மசோதா வைஸ்ராயின் சட்டசபைக்கு வந்தது. அதிகாரப் பதவியில் இல்லாத இந்திய உறுப்பினர்கள் ஒருமித்து எதிர்த்தார்கள். வலங்கைமானைச் சேர்ந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி மசோதாவை எதிர்த்து ஆற்றிய உரை பெரிதும் பேசப்பட்டது. ஆயினும் அதிகாரிகளின் பெரும்பான்மையால் மசோதா நிறைவேறியது. ஜின்னா, மதன் மோகன் மாளவியா, மஸ்ஹருல் ஹக் ஆகியோர் உறுப்பினர் பதவியைத் துறந்தனர். அடுத்த மாதம் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. மூன்றாண்டுக் கெடுவுடன் வந்த அந்தச் சட்டம் 1922இல் நீக்கப்பட்டது.

1919ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின்படி அமைந்த மத்திய சட்டசபை செலவுகளின் ஒரு பகுதியில் வாக்களிக்கலாம். ராணுவச் செலவு அந்தப் பகுதிக்குள் வராது. சபை மறுத்ததை வைஸ்ராய் தம் சான்றால் செல்லுபடியாக்கவும் முடியும். 1923இல் உப்பு வரியை இரட்டிப்பாக்கும் திட்டத்தைச் சபை நிராகரித்தது. வைஸ்ராய் ரீடிங் சான்றளித்து அதை நிறைவேற்றினார். 1924இல் மோதிலால் நேரு தலைமையிலான சுயராஜ்யக் கட்சியினர் மானியக் கோரிக்கைகள் சிலவற்றையும் நிதி மசோதாவையும் தோற்கடித்தனர். அப்போதும் சான்றே வென்றது.

1928 செப்டம்பரில் பொதுப் பாதுகாப்பு மசோதா வாக்கெடுப்புக்கு வந்தபோது இரு தரப்பிலும் 61 வாக்குகள் விழுந்தன. அவைத் தலைவர் விட்டல்பாய் படேல் தம் வாக்கை எதிராக அளித்து அதை வீழ்த்தினார். அரசு மசோதாவை மறுபடியும் கொண்டுவந்தது. 1929 ஏப்ரல் 8 அன்று, அதைப் பற்றி அவர் தீர்ப்புச் சொல்ல இருந்த வேளையில், பகத் சிங்கும் படுகேஷ்வர் தத்தும் சபைக்குள் குண்டு வீசினர். சில நாட்களில் படேல் அந்த மசோதாவை விவாதத்துக்கு எடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தார். வைஸ்ராய் அவசரச் சட்டத்தின் மூலம் தாம் விரும்பியதைப் பெற்றுக்கொண்டார்.

குடியரசு வகுத்த முறை

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று கோயம்புத்தூர்க்காரரான ஆர். கே. சண்முகம் செட்டியார் அளித்தார். மொத்தச் செலவு சுமார் 197 கோடி ரூபாய். அதில் பாதுகாப்புக்கு மட்டும் 92 கோடிக்கு மேல். முன்பு சபையின் வாக்குக்கு எட்டாமல் வைக்கப்பட்டிருந்த ராணுவச் செலவும் புதிய அரசியலமைப்பில் வாக்குக்கு உட்பட்டது.

அரசியலமைப்பின் 112 முதல் 117 வரையுள்ள பிரிவுகள் இதற்கான முறையை வகுக்கின்றன. அமைச்சகம் வாரியாக மானியக் கோரிக்கைகள் மக்களவையின் முன் வைக்கப்படும். கடனுக்கான வட்டி, நீதிபதிகளின் ஊதியம் போன்றவை தொகுப்பு நிதியின் மீது சுமத்தப்பட்ட செலவுகள். அவற்றை விவாதிக்கலாம், வாக்குக்கு விட முடியாது. மற்ற ஒவ்வொரு கோரிக்கையையும் ஏற்கவோ மறுக்கவோ குறைக்கவோ மக்களவைக்கு உரிமை உண்டு. குறைப்பதற்கான கருவி வெட்டுத் தீர்மானம். கொள்கையையே எதிர்ப்பவர் கோரிக்கையை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்வார். குறிப்பிட்ட குறையைச் சுட்டிக்காட்டுபவர் 100 ரூபாயைக் குறைக்கச் சொல்வார். சிக்கனம் வேண்டுபவர் குறிப்பிட்ட தொகையைக் குறைக்கச் சொல்வார். எது வென்றாலும் அரசு பெரும்பான்மையை இழந்ததாகவே பொருள். கோரிக்கைகள் நிறைவேறியபின் நிதி ஒதுக்கீட்டு மசோதாவும், வரிகளுக்கான நிதி மசோதாவும் வரும். மாநிலங்களவை இவற்றை 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும், தடுக்க முடியாது.

அதே அரசியலமைப்பு, அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துக்குள்ளேயே, 22ஆம் பிரிவில் தடுப்புக் காவலுக்கும் இடம் கொடுத்தது. குடியரசு பிறந்து ஒரு மாதத்துக்குள், 1950 பிப்ரவரியில், உள்துறை அமைச்சர் வல்லபாய் படேல் தடுப்புக் காவல் மசோதாவைக் கொண்டுவந்தார். இதற்காகத் தூக்கமில்லாத இரவுகளைக் கழித்ததாக அவரே அவையில் சொன்னார். 1951 ஏப்ரல் 1 அன்று அந்தச் சட்டம் செல்லாததாகிவிடும் என்று அதிலேயே எழுதப்பட்டிருந்தது. சென்னை மாகாணத்தில் அடைக்கப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் தொடுத்த வழக்கில், ஒரு பிரிவைத் தவிர மற்றவற்றை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஏற்றுக்கொண்டது.

கெடு முடிய முடிய அரசு அவைக்கு வந்து நீட்டிப்புக் கேட்டது. ஒவ்வொரு முறையும் விவாதம் நடந்தது. 1969 இறுதியில் நிலைமை மாறியிருந்தது. காங்கிரஸ் பிளவுபட்டதால் இந்திரா காந்தியின் அரசு தி.மு.க., இந்திய கம்யூனிஸ்ட் போன்ற கட்சிகளின் தயவில் இருந்தது. நீட்டிப்புக்கு வேண்டிய ஆதரவு இல்லை. 1969 டிசம்பர் 31 அன்று சட்டம் காலாவதியானது. அதை ஒழிக்க யாரும் தனியே மசோதா கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. சட்டத்தில் வைத்திருந்த கெடுவே அந்த வேலையைச் செய்தது.

மிசா, தடா, பொடா

1971 தேர்தலில் பெரும் வெற்றி பெற்ற அரசு அந்த ஆண்டு ஜூலையில் உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டத்தை, அதாவது மிசாவை, நிறைவேற்றியது. முந்தைய சட்டத்திலிருந்து அதை வேறுபடுத்தியது ஒன்று: அதற்குக் கெடு இல்லை. 1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை வந்தபின், அடைக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்லவும் தேவையில்லை என்று திருத்தங்கள் செய்யப்பட்டன. நெருக்கடி நிலைக்கால அத்துமீறல்களை விசாரித்த ஷா ஆணையத்தின் கணக்குப்படி சுமார் 35,000 பேர் மிசாவில் அடைக்கப்பட்டனர். தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. அரசு கலைக்கப்பட்டதும் அக்கட்சியினர் பலர் மிசாவில் சிறைக்குப் போனார்கள். அவர்களில் ஒருவரான, சென்னையின் முன்னாள் மேயர் சிட்டிபாபு சிறையில் பட்ட அடியின் விளைவாக உயிரிழந்தார்.

ஜனதா ஆட்சி 1978இல் மிசாவை நீக்கியது. அதே ஆண்டின் 44ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கெடு என்ற கோட்பாட்டை நெருக்கடி நிலைக்கே கொண்டுசென்றது. அதுவரை ஒருமுறை ஒப்புதல் பெற்ற நெருக்கடி நிலைப் பிரகடனம் அரசு விலக்கும்வரை நீடித்தது; 1962இல் அறிவித்தது 1968 வரை நீடித்தது. திருத்தத்துக்குப் பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சிறப்புப் பெரும்பான்மையுடன், இரு அவைகளும் மறுபடி ஒப்ப வேண்டும். ஆனால் 1980இல் வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டம் மறுபடியும் கெடுவில்லாமல் வந்தது, இன்றும் இருக்கிறது.

பஞ்சாப் வன்முறையின் பின்னணியில் 1985இல் வந்த பயங்கரவாத, சீர்குலைவு நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்கு, அதாவது தடாவுக்கு, இரண்டாண்டுக் கெடு இருந்தது.  1987இல் புதிய வடிவில் வந்தபோது, காவல்துறை அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையும் நீதிமன்றச் சான்றாக ஏற்கும் கடுமையான சட்டமாக அது மாறியது. 1989, 1991, 1993இல் நீட்டிக்கப்பட்டது. 1995 பிப்ரவரியில் தேசிய மனித உரிமைகள் ஆணையத்தின் தலைவர் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா, இனி நீட்டிக்க வேண்டாம் என்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் கடிதம் எழுதினார். அந்த மே மாதம் தடா காலாவதியானது. கெடு ஒன்று இருந்ததால்தான் அந்தக் கடிதத்துக்கு ஒரு தருணம் வாய்த்தது.

2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றமே தாக்கப்பட்டபின் பயங்கரவாதத் தடுப்பு மசோதா, அதாவது பொடா, வந்தது. மக்களவை ஏற்றது, 2002 மார்ச் 21 அன்று மாநிலங்களவை 98க்கு 113 என்ற வாக்குகளில் தோற்கடித்தது. மார்ச் 26 அன்று இரு அவைகளும் மைய மண்டபத்தில் கூடின. 425க்கு 296 என்று மசோதா நிறைவேறியது. 1961, 1978க்குப் பிறகு நடந்த மூன்றாவது கூட்டு அமர்வு அது. ஜூலையில், திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக, ஆளும் கூட்டணியில் இருந்த ம.தி.மு.க.வின் தலைவரும் மக்களவை உறுப்பினருமான வைகோ தமிழ்நாட்டில் பொடாவில் கைதாகி 19 மாதங்கள் சிறையில் இருந்தார். பயங்கரவாத அமைப்புக்கு வெறும் தார்மிக ஆதரவு தருவது குற்றமாகாது என்று 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. மூன்றாண்டுக் கெடு முடியும் முன்பே, 2004இல், புதிய அரசு பொடாவை நீக்கியது.

கெடு மறைந்த இடம்

பொடா நீங்கியபோதே அதன் பிரிவுகள் பல 1967ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டன. ஊபா என்று அறியப்படும் இச்சட்டம் 1963ஆம் ஆண்டின் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தைத் தொடர்ந்து வந்தது. பிரிவினைக் கோரிக்கையைத் தடுக்க வந்த அந்தத் திருத்த மசோதாவை மாநிலங்களவையில் அண்ணாதுரை எதிர்த்துப் பேசியிருந்தார். ஊபாவுக்குத் தொடக்கம் முதலே கெடு இல்லை. ஆகவே தற்காலிகச் சட்டங்களில் இருந்த கடுமை நிரந்தரச் சட்டத்துக்குள் குடியேறியது.

2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின், டிசம்பர் 17, 18 ஆகிய இரு நாட்களில் இரு அவைகளும் ஊபா திருத்தத்தை நிறைவேற்றின. குற்றப்பத்திரிகை இல்லாமல் 180 நாட்கள் வரை காவலில் வைக்க வழி பிறந்தது; ஜாமீன் மிக அரிதானது. அமைப்புகளை மட்டுமல்லாமல் தனிநபர்களையும் பயங்கரவாதியாக அறிவிக்கும் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மக்களவையில் 287க்கு 8, மாநிலங்களவையில் 147க்கு 42 என்று நிறைவேறியது. 2023 டிசம்பரில், எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 140 பேருக்கு மேல் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த நிலையில், பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று குற்றவியல் சட்டங்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. பயங்கரவாதச் செயல் பொதுவான குற்றவியல் சட்டத்துக்குள்ளும் வந்தது.

விவாதம் சுருங்கிய பட்ஜெட்

செலவின் பக்கம் வேறு வகையில் தளர்ந்தது. விவாதத்துக்கு ஒதுக்கிய கடைசி நாளில் எஞ்சிய கோரிக்கைகள் அனைத்தையும் சேர்த்து ஒரே வாக்குக்கு விடுவதைக் கில்லட்டின் என்பார்கள். நூறளவிலுள்ள கோரிக்கைகளில் நாலைந்து அமைச்சகங்களுடையவையே முழுதாக விவாதிக்கப்படுவது வழக்கமாகிவிட்டது. இந்தக் குறையை ஈடுசெய்ய 1993இல் துறைவாரி நிலைக்குழுக்கள் அமைக்கப்பட்டன. அவை கோரிக்கைகளை ஆராய்ந்து அறிக்கை தரும், அரசைக் கட்டுப்படுத்தா. 2018 மார்ச்சிலும் 2023 மார்ச்சிலும் எந்தக் கோரிக்கையும் விவாதிக்கப்படவில்லை. 2023இல் அப்படி நிறைவேறிய பட்ஜெட் சுமார் 45 லட்சம் கோடி ரூபாய். 1985இன் கட்சித்தாவல் தடைச் சட்டமும் இதில் சேர்ந்தது: கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிப்பவர் பதவியை இழக்கலாம் என்பதால், வெட்டுத் தீர்மானம் வெல்லும் வாய்ப்பு மிகவும் அருகியது.

இருந்தும் பட்ஜெட்டுக்கு மார்ச் 31 என்ற கெடு இருக்கிறது. அரசு ஆண்டுதோறும் வந்தே தீர வேண்டும். விவாதிக்க விரும்பும் அவைக்கு அந்த வாய்ப்பு ஆண்டுதோறும் திரும்புகிறது. காவல் சட்டங்களில் அப்படியொரு நாள் இல்லை. 1978இன் 44ஆவது திருத்தத்தில், காவலை ஆராயும் ஆலோசனைக் குழுவின் கருத்தில்லாமல் ஒருவரை அடைத்துவைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டு மாதமாகக் குறைக்கும் பிரிவும் இருந்தது. இரு அவைகளும் அதை நிறைவேற்றின. அது நடைமுறைக்கு வரும் தேதியை அறிவிக்கும் பொறுப்பு அரசிடம் விடப்பட்டது. அந்தத் தேதியை எந்த அரசும் அறிவிக்கவில்லை.